பித்தளைச் சுருள்

பெரியப்பா லேத் அறையிலிருந்து வெளியே வர ஐந்து நிமிடமாவது பிடிக்கும். கதவுக்கு உட்புறம் நின்று, தட்டையான காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுச் சட்டைக் கையிலிருந்து தொடங்குவார். பிறகு மார்பு, பாக்கெட்டின் ஓரம், கால்சட்டை மடிப்பு. கடைசியில் சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று, உள்ளங்கால். பையின் மேல் இரும்புத் துகள்கள் மீசை மாதிரி சிலிர்த்து நிற்கும். பையை டப்பாவுக்குள் விட்டு, காந்தத்தை மட்டும் உருவுவார். மீசை பொலபொலவென்று உதிரும். அறைச் செருப்பை உள்ளேயே கழற்றிவிட்டு, வாசல் குறுக்கே அடித்த பலகையைத் தாண்டுவார்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட மனுஷன் இவ்ளோ சுத்தமா வந்து நிக்கல" என்பாள் பெரியம்மா.

தொழிற்சாலையை மூடியபோது கிடைத்த தொகையில் வாங்கிய, உலோகம் கடையும் சின்ன லேத் அது. பின்னறையில் வைத்துத் தையல் மெஷின்களுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுத்தார். அவர்கள் வீட்டில் தங்கித்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவின் மகளான அக்கா, மாமா கப்பல் வேலைக்குப் போனதும், எட்டு மாதக் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. பகலில் அக்கா வேலைக்குப் போவாள், குழந்தை பெரியம்மாவிடம்.

வந்த அன்றே அக்கா சொல்லிவிட்டாள். "அப்பா, இந்த ரூமுக்கு வெளிய ஒரே ஒரு தூளப் பாத்தேன்னா, மெஷினக் குடுத்துடணும்."

"சரிம்மா."

லேத்தைச் சுற்றிக் குளியலறைத் திரை தொங்கியது. அடியில் தகரத் தட்டு, தரையில் ஈரச் செய்தித்தாள். உரிந்து வரும் உலோகச் சுருள் நீளமாகாதபடி நிறுத்தி நிறுத்திக் கடைந்தார். காற்றடித்துச் சுத்தம் செய்வதே இல்லை. பிரஷ்ஷால் தள்ளி, ஈரத்தாளோடு சுருட்டி எடுப்பார். அறைக்குள் வேறு யாரும் போகக் கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வேலை முடிந்து வந்தபோது குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. உள்ளங்கையில் பொன்னிறமாக ஒரு சுருள் ஏறியிருந்தது. வெட்டிப் போட்ட நகத்தளவுதான். மருத்துவமனைக்கு நானும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் இடுக்கியால் எடுத்து ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா குப்பியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். முதலில் பெரியம்மாவிடம்தான் திரும்பினாள்.

"கூடத்தப் பெருக்கினியா இல்லையாம்மா? போன மாசம் கட்டில்லேர்ந்து விழவிட்ட. இன்னைக்கு இது. உன்ன நம்பி விட்டுட்டுப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும். நாளைக்கே காப்பகத்துல சேத்துடறேன்."

பெரியம்மா அடுப்பை அணைத்தாள்.

பெரியப்பா குப்பியை எடுத்து விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார். ஒரு சாமானை அளவு சரிபார்ப்பது போலத்தான் இருந்தது.

"பித்தளை. காந்தம் இத இழுக்காது. இரும்பு ஓட்டியே பழகின கை, அப்படியே வெளிய வந்துட்டேன்."

"முப்பது வருஷம் லேத் ஓட்டினவருக்கு இது தெரியாதா?"

"தெரியும். மறந்துட்டேன்."

பெரியம்மா தட்டு வைத்தாள். சாப்பிட்டோம்.

சனிக்கிழமை லேத்தை வாங்க வந்தவர் இரண்டு ஆட்களோடு வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்ன பெரியவரே, லேத் ரூமா, ஆபரேஷன் தியேட்டரா? உள்ள வரவே கூச்சமா இருக்கு."

"மோட்டாரத் தனியாக் கழட்டிக்கோங்க. கனம்" என்றார் பெரியப்பா.

"நல்லாத்தானே ஓடுது, ஏன் குடுக்கறீங்க?"

"ஓடும்."

அவர்கள் போன பிறகு தரையில் நான்கு போல்ட் துளைகள் இருந்தன. பெரியப்பா சிமென்ட் குழைத்து அடைத்தார். அடுத்த நாளிலிருந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். ஒரே பக்கத்தை நெடுநேரம் வைத்திருப்பார். குழந்தை அவர் காலைப் பிடித்து எழுந்து நிற்கும். அது விழாமலிருக்க ஒரு கையை நீட்டி வைத்திருப்பார். குழந்தையைப் பார்க்க மாட்டார்.

மாமா திரும்பி வந்து அக்காவும் குழந்தையும் கிளம்பிப் போன பிறகுதான், துணி மடித்துக்கொண்டே பெரியம்மா என்னிடம் சொன்னாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பெரியப்பா கடைக்குப் போயிருந்த நேரத்தில் மழை பிடித்திருக்கிறது. பின்னறை ஜன்னலைச் சாத்த, கூடத்தில் போடும் செருப்போடு உள்ளே போய் வந்தது பெரியம்மாதான். நாங்கள் மருத்துவமனையில் இருந்தபோதே அதைப் பெரியப்பாவிடம் சொல்லியும்விட்டிருந்தாள்.