வெளுத்த கைகள்

நேற்றுக் காலை வீட்டுக்குள் அந்த நாற்றம் வந்தது. தீக்குச்சியைக் கிழித்து அணைத்து ஈரத்துணியில் பொதிந்து வைத்த மாதிரி. புதுச் சிவப்புத் துண்டோடு ஊறிச் சாயம் ஏறிவிட்ட என் வெள்ளைச் சட்டையைக் காப்பாற்ற, என் மனைவி கடையிலிருந்து ஏதோ தூள் வாங்கிவந்து வாளியில் கலக்கிக்கொண்டிருந்தாள். "கையை விடாதே!" என்று நான் போட்ட கத்தலில் வாளியே கவிழ்ந்தது. "ஒரு சட்டைக்கா இந்தக் கத்து?" என்றாள்.

சட்டைக்கு இல்லை.

அந்தத் தூளுக்குப் பட்டறையில் ஹைட்ரோஸ் என்று பெயர். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சாயப் பட்டறையில் இருந்தேன். எங்கள் ஊர் முசரவாக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருவேன். விறகுப் புகை, கொதிக்கும் தாமிர அண்டா, கொம்பில் மாட்டிய பட்டு நூல் சிட்டங்கள். கொம்பால் புரட்டுவது பாதி வேலை. மீதியைச் சுடச்சுடக் கையால்தான் அலசிப் பிழிய வேண்டும். முகூர்த்த மாதங்களில் முழங்கை வரை அரக்குச் சிவப்பு. தயிர்ச்சோற்றைப் பிசைந்தால் சோறு ரோஜா நிறமாகும். அதை அழகு என்று எழுதலாம், எழுதியும் இருக்கிறேன். தின்றவனுக்கு அது சாயம்.

அந்தப் பட்டறையில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. நிறம் தவறிய சிட்டத்தை ஹைட்ரோஸும் சோடாக் காரமும் போட்ட வெந்நீரில் முக்குவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு கழன்று, நூல் பிறந்த வெள்ளைக்குத் திரும்பும். எதையும் முதலிலிருந்து தொடங்கிவிடலாம் என்ற அசட்டு நம்பிக்கை எனக்கு அந்தத் தொட்டியிலிருந்துதான் வந்தது.

அந்த நம்பிக்கையில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம். ஆபீஸில் உட்கார வேண்டும், நாற்காலியில், மின்விசிறிக்குக் கீழே. அவ்வளவுதான் ஆசை. அதைப் பட்டறையில் வாய்விட்டுச் சொன்னது என் மடத்தனம்.

"கோதண்டம், வழி விடுபா! கலெக்டரு வெறகு தூக்கிக்கினு வர்றாரு" என்பார் ஏகாம்பரம். அவர்தான் மேஸ்திரி, எந்த நிறத்துக்கு எது எவ்வளவு என்பது அவர் கையளவு. என்னோடு அலசுகிற கோதண்டம் உடனே துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிடுவான். "ஐயா, மனு ஒண்ணு இருக்குதுங்கையா. கறி ஆக்கிக்கினு இருக்குறா என் பொண்டாட்டி, உப்பு போடச் சொல்லி ஒரு ஆர்டர் போடுங்கையா." அண்டாவே சிரிப்பது போல் இருக்கும்.

வகுப்பில் சிரிப்பு இல்லை. அங்கே மூக்கைச் சுளிப்பார்கள். "சார், இவர் தட்டுன மிஷின்ல நான் உக்கார மாட்டேன். தாவணியெல்லாம் சேப்பாவுது" என்றாள் ஒரு பெண். என்னைப் பின்னறையில் யாரும் தொடாத பழைய மிஷினுக்கு அனுப்பினார்கள். ஏ, எஸ், டி, எஃப். சுவரைப் பார்த்துத் தட்டினேன். சாயம் மட்டும்தான் காரணம் என்று அப்போது என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன்.

டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை நெருங்கியது. "தாள்ல கறை இருந்தா எடுத்து ஓரமா வெச்சிருவாங்கப்பா. கைய ஏதாவது பண்ணு" என்றார் வகுப்பு நடத்துகிறவர். எலுமிச்சை, புளி, சீயக்காய், பாலாற்று மணல், எல்லாம் தேய்த்தேன். சிவப்பு சிரித்துக்கொண்டு அங்கேயே இருந்தது.

பரீட்சைக்கு முதல் நாள் மேஸ்திரி என்னை அருகே அழைத்தார். குரலில் அன்று அப்படி ஒரு கனிவு.

"அட மடப்பயலே, பட்டுக்கு இன்னா பண்றோம்? அதயே கைக்கும் பண்ண வேண்டியதுதானே?"

எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. தொட்டியை நம்பிக் கையை விடுகிற முட்டாள்தனத்தை வேறு எந்தத் தொழில்காரனும் செய்திருக்க மாட்டான். அவரே தொட்டியைக் கலக்கினார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். கோதண்டம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். வழக்கமான கேலி என்று நினைத்தேன். கையை விட்டதும் சுரீரென்றது. இழுக்கப் போனேன். மேஸ்திரி என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து அழுத்தினார்.

"எடுக்காத. பாதியில எடுத்தா திட்டுத்திட்டா நிக்கும்."

நூலுக்குச் சொல்கிற அதே வார்த்தை. தொழில் ரீதியாக அதில் ஒரு தப்பும் இல்லை.

வெளியே வந்தபோது கைகள் வெளுத்திருந்தன. தண்ணீரில் கிடந்த பிணத்தின் கை போல. எல்லோரும் தட்டினார்கள். "நம்ம கலெக்டரு தொர ஆயிட்டாருபா!" நானும் சிரித்தேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

பஸ்ஸில் எரிய ஆரம்பித்தது. வீட்டுக்குப் போவதற்குள் விரல்கள் வீங்கி, தோல் ஈரக் காகிதம் மாதிரி நகர்ந்தது. அம்மா களை பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். சோற்றை உருட்டி என் வாயில் திணித்தபடியே திட்டினாள்: "எவண்டா உன்ன வெள்ளக்காரன் ஆவச் சொன்னது? தின்னு."

மறுநாள் பரீட்சை எழுதினேன். வீங்கிய விரலுக்குக் கீழே இரண்டு இரண்டு எழுத்துகள் அமுங்கின. சாயக்கறை வேண்டாம் என்று போனவன், தாளில் புண்ணிலிருந்து கசிந்த ஊனீர்க் கறையோடு எழுந்து வந்தேன். தோற்றேன்.

திரும்பப் பட்டறைக்குத்தான் போனேன்; வேறு எங்கே போவது? "வா கலெக்டரு, அலசு" என்றார் மேஸ்திரி. விரல் நுனி சுடுசாயத்தில் பட்டதும் நான் அலறிய அலறல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பட்டு தாங்கிச்சு. உன் தோலு தாங்கலியே. சாயத்துல கை விடாதவனுக்கு இங்க இன்னா வேல? போ."

ஓய்வு பெற்ற பிறகும் அலுவலக விழாக்களில், பட்டறையை உதறிவிட்டு வந்தவன் என்று என்னைத் துணிச்சலுக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். நானும் தலையாட்டிக்கொள்கிறேன். துணிச்சலா? பின்னால் இருந்த கதவு சாத்தியாகிவிட்டது, முன்னால் நடந்தேன். என் கணக்கில் துணிச்சல் என்றால் அது வேறொரு காலை: கட்டுப் போட்ட கையோடு வகுப்புக்குப் போய், பின்னறைக்குப் போகாமல், ஜன்னலோர முதல் மிஷினில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் என் கையைப் பார்த்தாள். பக்கத்து மிஷினில் தாளைச் செருகினாள். கைதான் இப்போது வெள்ளையாயிற்றே. அடுத்த பரீட்சையில் தேறினேன். சென்னையில் ஒரு நாற்காலி கிடைத்தது.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபத்தின் கார்கள் நிற்கின்றன. டைப்ரைட்டிங் வகுப்பு செல்போன் கடை. போன மாதம் காஞ்சிபுரம் போயிருந்தபோது, செவிலிமேடு போகிற டவுன் பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "உக்காருங்க சார்." கம்பியைப் பிடித்த அந்தக் கை அரக்குச் சிவப்பு. கோதண்டம்.

"நானும் ஏகாம்பரம் மேஸ்திரிகிட்ட இருந்தவன்தான்" என்றேன்.

என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெளயாடாதீங்க சார். சாயக்காரன் கைன்னா சாவுற வரைக்கும் காட்டிக் குடுத்துடும்."

"கலெக்டர்னு ஒருத்தன் இருந்தானே?"

முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. "அட, அவன உங்களுக்குத் தெரியுமா? தொட்டியில கைய வுட்டு வெந்து ஓடிட்டான் சார். செத்துட்டான்னு சொன்னாங்க. அன்னிக்கி இன்னா சிரிப்புன்றீங்க!"

சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. நான் அவன் கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேலே கம்பியில் ஆடிய அந்தச் சிவப்புக் கையைப் பார்த்தபடி வந்தேன்.