முன்வாசல் கினிலிங்

பத்தாங்காஸ் கடற்கரையோர ஊரில் அன்று புனித ரோக்கே திருவிழா. பசிலிசா காலையிலேயே பன்றி இறைச்சியைக் கட்டைமேல் போட்டு, இரண்டு கையிலும் கத்தி பிடித்துக் கொத்திக்கொண்டிருந்தாள். மெஷினில் அரைத்த கறி அவளுக்கு ஆகாது, கூழாகிவிடும் என்பாள். கொத்துகிற சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. திருவிழா நாளில் அந்தச் சத்தம் கேட்டால் போதும், அந்த வீட்டில் முழுப்பன்றி சுடவில்லை, வெறும் கினிலிங் கொத்துக்கறிதான் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

எதிர்வீட்டு சொத்தேரா பதறிக்கொண்டு ஓடி வந்தாள். பசிலிசாவின் செத்துப்போன புருஷனுக்கு அக்கா அவள்.

"அடியே, திருவிழா அதுவுமா கொத்துக்கறியா? மானம் போகுதுடி! உள்ள போயாவது கொத்தித் தொலையேன்!"

பசிலிசா கட்டையைத் தூக்கிவந்து வாசலில் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப நல்லாக் கேக்குதா அக்கா?"

"எவன்டி உன் வீட்டுப் படி ஏறுவான்? பேசாம வழக்கம்போல எங்க அடுப்படிக்கு வந்துரு. வெங்காயம் மலையாக் கெடக்கு."

வழக்கம்போல. அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் சொத்தேரா வீட்டுப் பின்கட்டில்தான் அவள் வெந்தாள். முன்னறையில் ஊரே உட்கார்ந்து பன்றித்தோலை மொறுமொறுவென்று கடிக்கும். எல்லாரும் போனபிறகு அவளுக்குப் பின்வாசலில் ஒரு தட்டு, மேலே வாழையிலை மூடி. புருஷன் தெல்ஃபின் நல்ல மனுஷன்தான், ஆனால் அக்கா முன்னால் வாயில்லாப் பூச்சி. அவன் போய் வருஷம் திரும்பி, துக்கத்துக்கு உடுத்திய கறுப்புத் துணியைக் கழற்றிய அன்றே முடிவு செய்துவிட்டாள்: இந்தத் திருவிழாவுக்கு என் வீட்டுக் கதவும் திறக்கும். பன்றி சுட வக்கில்லையா, தெரிந்ததைச் சமைப்போம்.

பூண்டும் வெங்காயமும் வதக்கி, கறியைப் போட்டு, நீர் வற்றி எண்ணெய் கக்கும்வரை கிளறினாள். மீன்சாறு, தக்காளி, பொடியாக நறுக்கிய உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, கடைசியில் ஒரு பிடி உலர்திராட்சை. மேலே அவித்த முட்டை.

திருவிழாவில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழைந்து சாப்பிடலாம், அழைப்பு வேண்டியதில்லை. நுழைந்தார்கள், சொத்தேரா வீட்டுக்குள். பசிலிசாவின் வாசலைத் தாண்டும்போது எல்லாருக்கும் தரையில் ஏதோ தேட வேண்டியிருந்தது. மதியமாகியும் பானை நிறைந்தே இருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அது சொத்தேராவுக்குத் திருவிழா. இடுப்பில் கைவைத்து வாசலில் நின்று, பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"யோவ் கானோர்! சாப்பிட வாய்யா!"

ஜீப்னி வண்டியில் ஆள் ஏற்றி ஓட்டுகிற கானோர் நெளிந்தான். "வயிறு நெறஞ்சிருக்கு அக்கா."

"எங்க, ஒதட்டுல எண்ணெயே காணோம்? பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கெடைக்காது. உள்ள வாய்யா!"

தெருவே பார்க்கிறது. இனியும் மறுத்தால் மரியாதையில்லை. படி ஏறினான். ஒரு வாய் வைத்தான், தட்டு காலியானது. இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு வெளியே பார்த்துக் கத்தினான்: "டேய், காலையிலேருந்து கொழுப்பாத் தின்னு நாக்கு செத்துப்போச்சுல்ல? இங்க வாங்கடா!"

பேண்டு வாத்தியக்காரர்கள் ட்ரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலில் நுழைந்தார்கள். அப்புறம் பெஞ்சு போதவில்லை.

சாயங்காலம் பின்கதவைத் தட்டும் சத்தம். டப்பாவும் கையுமாக சொத்தேரா.

"கொஞ்சம் கட்டிக் குடுடி. எனக்குத்தான். வாசனை அங்க வரைக்கும் வந்து உசுர வாங்குது."

பசிலிசா டப்பாவை வாங்கவில்லை.

"இந்தக் கதவு வழியா நான் யாருக்கும் சோறு போடறதில்ல அக்கா. பின்வாசல் சோறு தொண்டையில எப்படி எறங்கும்னு எனக்குத் தெரியும். முன்னால வாங்க. ஊரோட உக்காந்து சாப்பிடுங்க."

"எல்லாரும் பாப்பாங்கடி!"

"பாக்கட்டும்."

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். முன்னறைக்கு வந்து கானோரை நகரச் சொன்னாள். தட்டில் சோறு போட்டு, கினிலிங்கை வைத்து, ஒதுக்கியிருந்த கடைசி முட்டையை அதன்மேல் வைத்தாள். தட்டை மூடவில்லை.

சற்று நேரத்தில் வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி சொத்தேரா படி ஏறிக்கொண்டிருந்தாள்.