ஈரக் கயிறும் எட்டடி வில்லும்

நனைந்த தேங்காய் நார்க் கயிற்றின் வாசனை. மழை நாளில் எந்தக் கடை வாசலில் அது வந்தாலும் என் தலை தானாகக் குனிந்துவிடும். கூடவே எட்டடி வில் ஒன்று, தங்கத்தாள் சுற்றிக்கொண்டு, உடைய மறுத்து எதிரே நிற்கும்.

திருவொற்றியூரில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு நாடகம், சீதா கல்யாணம். ராமன் வேஷம் என் சிநேகிதனுக்கு. குப்பத்துப் பையன், அவன் அண்ணன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். நாடக வாத்தியாருக்கு அவனைப் போட மனமில்லை, குரலுக்காகச் சம்மதித்தார். அன்று அவனை மாப்பிள்ளை பார்க்கப் பெண் வீட்டாரும் வருவதாக இருந்தது.

வில் என் பொறுப்பு. நான் வரைபடப் பிரிவு. பென்சில் கையில் இருந்தால் எனக்குப் பூமி போதாது. மூங்கில் வேண்டாம், பந்தல்கால் போலத் தெரியும். தேக்கு கனம். சவுக்கு பார்வைக்கு ஏழை. அவன் கரையில் கிடந்த பழைய கட்டுமரக் கட்டையைக் காட்டினான்.

"இத்த இழைச்சிக்கோ மாமு. தக்கையா கீது."

எனக்கு ஒப்பவில்லை. ஹார்பரிலிருந்து இயந்திரம் வந்த பெட்டிகளின் பலகை, ஏதோ குளிர்தேசத்து மரம், மஞ்சள் ரேகை ஓடியது. அதைத்தான் எடுத்தேன். வரைந்ததை அவனிடம் காட்டினேன்.

"இன்னாடா இது, ராமர் தூக்கற வில்லா, கிரேன் தூக்கற வில்லா?"

இரண்டு பாதி. நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படிய, பிடியில் நார்க்கயிறு. அவன்தான் சுருக்குப் போட்டான். கயிற்று நுனியை இழுத்தால் அவிழும், வில் இரண்டாகும். ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் அழகாக உடைந்தது.

நாடகத்தன்று, திரைக்குப் பின்னால், நடுப்பகுதி தொய்வதுபோல எனக்குப் பட்டது. பலகையின் கனம்; என் ஆசையின் கனம். கட்டுமரக்காரர்கள் கட்டையைப் பிணைத்ததும் கயிற்றில் தண்ணீர் இறைப்பதைப் பார்த்திருக்கிறேன். நனைந்த கயிறு இறுகும். ஒரு சொம்புத் தண்ணீரைப் பிடியில் ஊற்றினேன். அவனிடம் சொல்லவில்லை.

கயிறு இறுகியது. சுருக்கும் சேர்ந்து இறுகியது.

ராமன் கயிற்று நுனியை இழுத்தான். மறுபடி இழுத்தான். வில்லை முழங்காலில் வைத்து அழுத்தினான்.

"நைனா, ரம்பம் எத்தாந்து தரட்டா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"வில்லு ஒடையலன்னா கண்ணாலம் கேன்சல்பா" என்றது இன்னொன்று.

பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் பின்னால் ஒரு வரிசையே எழுந்தது.

திரை இறங்கியது. "கயிறு கட்டினது யாரு?" என்றார் வாத்தியார். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "படவு கட்றவன் கையில வில்லைக் கொடுத்தா இப்படித்தான்."

காலிச் சொம்பு என் காலடியில் கிடந்தது. அதை மெல்ல, மீந்து கிடந்த பலகைக்குப் பின்னால் தள்ளினேன்.

ரயில்வே கேட் வரை சேர்ந்து நடந்தோம். அவன் முகத்தில் நீலச் சாயம் இன்னும் இருந்தது.

"நாளையிலேர்ந்து கம்பெனிக்கு வரல. அண்ணனோட கடலுக்குப் போறேன்."

அவன் தன் உள்ளங்கையை மோந்து பார்த்தான்.

"கயிறு ஈரமா இருந்திச்சு. எனக்குத் தெரியாதா அது? நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன் மாமு. சரி, தூறுது. வூட்டுக்குப் போ."