மூன்று வீடு பாக்கி

கதை கட்டுகிறேன் என்று நினைத்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இது எனக்கு நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. ஜூலை மாதம், ஒரு புதன்கிழமை, மதியம் 1.40 முதல் 3.25 வரை. அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. கப்பைக் கிழங்கும் மீன் கறியும் வயிறாரச் சாப்பிட்டிருந்தேன். முதல் நாள் நன்றாகத் தூங்கியும் இருந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் விசாரித்தார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ப்ரீஜா. நூலகப் படிப்பு முடித்து, ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன். அங்கே சட்டம் ஒன்றுதான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார். ஐந்து வருடமாக முத்திரை விழவில்லையா? வெளியே எடு. பழைய பாடத்திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா? எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பிறகு கண்ணூர்ப் பக்கம் ஒரு கிராமத்து நூலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். செயலாளர் சுகுணன் ஆட்டோ ஓட்டுகிறவர்; அண்ணன் முறை வைத்து ஏட்டா என்றுதான் கூப்பிடுவேன். நான் சேர்ந்த பத்தாம் நாளே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை லைப்ரரிக்குக் கிரேடு போட ஆள் வருது ப்ரீஜே. புதுப் புஸ்தகம் எல்லாம் பெட்டியிலயே கிடக்கு, வைக்க இடமில்ல. கிரேடு இறங்குனா கிராண்டும் இறங்கும். அப்புறம் உனக்குச் சம்பளம் கொடுக்க நான் ஆட்டோவத்தான் விக்கணும்."

"விக்க வேண்டாம் ஏட்டா. நான் இடம் பண்ணித் தரேன்."

வாய்தான் பெரிதாகப் பேசியது. உள்ளுக்குள் பயம். எங்கள் வீடே அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தது.

கல்லூரிச் சட்டத்தை அப்படியே கிராமத்திலும் போட்டேன். அலமாரி அலமாரியாகச் சீட்டுப் பார்த்தேன். 212 புத்தகங்களில் ஒரு முத்திரைகூட இல்லை. பிரசவப் பராமரிப்பு, ஊறுகாய், பக்திப் பாட்டு, தடித்தடியாகக் குடும்ப நாவல்கள். எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டினேன். வியாழன் காலை பழைய பேப்பர்காரர் வருவார். அதற்குள் பதிவேட்டில் ஒவ்வொரு எண் மேலும் கழித்ததாகச் சிவப்புக் கோடு போட்டாக வேண்டும்.

புதன் அன்று ஹர்த்தால். கடை இல்லை, பஸ் இல்லை. குடை பிடித்து நடந்தே போய்க் கதவைத் திறந்தேன். மணி 1.40. நல்ல மழை. கரண்ட் இல்லை. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார முடியவில்லை. எழுந்தேன். கதவை ஒரு தரம் பார்த்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். யாரோ வரவேண்டியிருப்பது போல இருப்புக் கொள்ளவில்லை.

2.10. முதல் கட்டைப் பிரித்தேன். புத்தகத்தில் மஞ்சள் வாசனை. அடுத்ததில் தேங்காய் எண்ணெய். யாரும் தொடாத புத்தகத்தில் அடுக்களை வாசனை எப்படி வரும்? அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் கோடு போட்டேன்.

2.35. ஆறாவது புத்தகம். 40ஆம் பக்கத்தில் அடையாளமாக ஒரு கறிவேப்பிலைக் காம்பு. பச்சையாக இருந்தது. காலையில் ஒடித்தது போல. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கோடு போட்டேன். திரும்ப எடுத்தேன்.

காம்பு 96ஆம் பக்கத்தில் இருந்தது.

நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்...

3.05. சரக்...

பக்கம் புரளும் சத்தம். இறுக்கிக் கட்டிய கட்டுகளுக்குள்ளிருந்து.

பேனாவை நிறுத்தினேன். சத்தமும் நின்றது.

பேனாவை எடுத்தேன்.

சரக்...

பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பதாவது கோட்டைப் போட்டேன். 3117. மணி 3.10. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும்.

"மோளே."

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். தோளில் பச்சைத் துணிப்பை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"மூணு வீடு பாக்கி இருக்கு. புஸ்தகம் கொடு."

வெளியே வர முடியாத பெண்களுக்கு வீட்டிலேயே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க இந்தப் பக்கத்து நூலகங்களில் ஆள் உண்டு. இங்கே அந்த இடம் காலி என்று சுகுணன் சொல்லியிருந்தார். ஆள் கிடைத்துவிட்டது போல என்று நினைத்தேன். மனித முகத்தைப் பார்த்ததில் பெரிய நிம்மதி.

"எந்தப் புஸ்தகம் சேச்சி?"

"1408. 2290. 3117."

மூன்றுமே நான் கழிக்கக் கட்டி வைத்தவை.

"சீட்டுல முத்திரை வைக்கட்டுமா?"

"சீட்டுல எதுக்கு? வீட்டுக்குப் போறது எல்லாம் என் நோட்டுலதானே எழுதுவேன்."

அப்படியானால் அந்த 212... யாரும் படிக்காத புத்தகங்கள் இல்லை.

1408, 2290 இரண்டையும் கட்டுகளிலிருந்து உருவி ஜன்னல் கம்பி வழியாக நீட்டினேன். விரல் பட்டது. கிணற்று நீர் போலச் சில்லென்று இருந்தது.

"3117க்கு மட்டும் கோடு போட்டுட்டேன் சேச்சி. பரவாயில்ல, எடுத்துக்கோங்க."

அவர் கை நீட்டவில்லை. என்னையே பார்த்தார். கோபமில்லை. பரிதாபம்.

"போட்டுட்டியா... சரி. அப்ப அந்த வீட்டுக்கு இனிப் போக வேண்டாம்."

திரும்பினார்.

எட்டிப் பார்த்தேன்.

நீளமான சாலை. ஆள் இல்லை.

ஜன்னலடிச் சேற்றில்... ஒரு காலடிகூட இல்லை.

3.25. கதவைப் பூட்டாமல் ஓடினேன்.

வியாழன் காலை பேப்பர்காரரைத் திருப்பி அனுப்பினேன். சுகுணன் கத்தினார்.

"உனக்கென்ன கிறுக்கா? நாளைக்கு ஆள் வருது."

நடந்ததைச் சொன்னேன். அவர் குரல் இறங்கியது.

"பச்சைப் பையா?"

"ஆமா ஏட்டா."

"லீலேச்சி. வீடு வீடாப் புஸ்தகம் கொடுத்துட்டு இருந்தவங்க. மழையில புஸ்தகம் கொண்டு போறப்ப கரண்ட் கம்பி அறுந்து விழுந்துருச்சு. போய் ரெண்டு வருஷம் ஆச்சு ப்ரீஜே."

லீலேச்சியின் வீட்டுக்குப் போய், பரணிலிருந்து அவருடைய பழைய நோட்டை எடுத்தோம். மூன்று எண்களுக்கும் எதிரே மூன்று வீடுகளின் பெயர் இருந்தது. ஆட்டோவிலேயே போனோம்.

முதல் வீட்டில் மாதவியம்மா, எழுந்து நடக்க முடியாதவர். தலையணைக்கு அடியில் 1408.

"நேத்து வந்தா. ஒரு புதன் தவறமாட்டா. உள்ள வந்து சாயா குடிடீன்னா மட்டும் கேக்கமாட்டா."

சுகுணன் ஆட்டோவைக் கிளப்பினார். இரண்டாவது வீட்டில் 2290 இருந்தது.

வெள்ளிக்கிழமை கிரேடு இறங்கியது. என் சம்பளம் பாதியானது. ஆனால் 212 புத்தகங்களும் அலமாரிக்குத் திரும்பிவிட்டன. புதன்தோறும் நானே நோட்டோடு வீடு வீடாகப் போகிறேன். நான் கோடு போட்ட மற்ற எட்டு எண்களை மட்டும் அந்தப் பழைய நோட்டில் இன்றுவரை தேடிப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை.

ஏனென்றால் அந்த வியாழக்கிழமையே மூன்றாவது வீட்டுக்கும் போனோம். முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். மகன் வெளியே வந்தார்.

"நேத்து மதியம் வரைக்கும் அம்மா நல்லாத்தான் இருந்தாங்க. புஸ்தகம் வரலியா, புஸ்தகம் வரலியான்னு வாசலையே பாத்துட்டு இருந்தாங்க. சட்டுன்னு மூச்சு அடங்கிருச்சு."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மூணு பத்து."