எலுமிச்சைத் துண்டோடு நான் நடத்திய வழக்கு

வாசகர்களே, நீங்களே சாட்சி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, கல்லூரிகளுக்கிடையிலான சொற்போரின் இறுதிச் சுற்று. மாலையில் ராயபுரத்தில் மேடை. அன்று காலை, திருவொற்றியூரில் எங்கள் வீட்டில், முன்பல்லில் அடைத்திருந்த ஃபில்லிங் பெயர்ந்து விழுந்தது. கடித்தது முறுக்கல்ல, இட்லி! கண்ணாடி முன் நின்று, "சான்றோர் நிறைந்த சபையே" என்றேன். விசில்தான் வந்தது.

அதை அடைத்துவிட்ட காலடிப்பேட்டை பல் மருத்துவரிடம் கொதித்துக்கொண்டு போனேன். காத்திருப்போர் கூடம் நிறைந்திருந்தது. கூட்டத்தைக் கண்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. பையிலிருந்த டப்பாவைத் திறந்து, உப்புத் தடவிய எலுமிச்சைத் துண்டொன்றை மேலுதட்டுக்கும் பல்லுக்கும் இடையே அடக்கிச் சுவைத்தேன். குரல் தெளிய எங்கள் அணியில் எல்லாருக்கும் உள்ள பழக்கம் இது. பின் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கினேன்: தரமற்ற பொருளா, கவனமற்ற வேலையா? சொல்லுக்குச் சொல் விசில் பறந்தது.

கதவருகே வந்து நின்ற மருத்துவர் கோபப்படவில்லை.

"இந்த எலுமிச்சை தினமுமா?"

"பயிற்சி நாள்களில் நாலைந்து முறை. இடையில் சோடா."

"புளிப்புல இருக்கிற அமிலம் ஃபில்லிங்கோட மேற்பரப்பை இளக்கும், சுத்தி இருக்கிற பல்லையும் அரிக்கும். ஓரம் விட்டுப்போச்சுன்னா அப்புறம் இட்லியே போதும். இது மட்டுந்தான் காரணம்னு சொல்லல, என் வேலையையும் பார்க்கிறேன். முதல்ல அந்தத் துண்டைக் கீழே போடுங்க."

அவர் சொன்னது சரியென்று தெரிந்தும் துண்டைக் கீழே போடாமல் நின்றேன். ஒப்புக்கொள்கிறேன் என்ற சொல்லும் வாயில் வரவில்லை. கன்னம் வீங்கி அமர்ந்திருந்த மீன்கார அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"இன்னா நைனா, கையில எலுமிச்சங்காய வெச்சிகினு டாக்டரம்மாவ திட்டிகினு கீற? கேஸு டிஸ்மிஸ்! சாயந்தரம் பேசணும்ல, என் நம்பர்ல நீ உள்ள போ. என் பல்லு எங்க ஓடிடப்போவுது?"

கூடமே சிரித்தது. வலியில் துடித்தவர் தம் முறையை எனக்குத் தந்துவிட்டார்!

மாலையில் புதிய ஃபில்லிங்கோடு, வெறும் தண்ணீர் குடித்துவிட்டு மேடையேறினேன். எலுமிச்சையில்லாமல் குரல் எழுமா என்ற சந்தேகத்தோடுதான் வாயைத் திறந்தேன். எழுந்தது! கடைசி வரிசை வரை கணீரென்று எழுந்தது! கோப்பை எங்களுக்கு.

காலையில் அந்த வழக்கில் நான் தோற்றிராவிட்டால் மாலையில் பேசியே இருக்க மாட்டேன் என்பதை எண்ணினால், இன்றும் உடல் சிலிர்க்கிறது. அன்று கோப்பையை வாங்கிய கையோடு, அதே சிலிர்ப்போடுதான் ஒலிவாங்கியைப் பிடித்து, நிறைந்த அரங்கில் உரக்கச் சொன்னேன்:

"எதிரணி சொல்வது உண்மையென்று தெரிந்தால், இனி அந்த இடத்திலேயே, எல்லார் காதிலும் விழும்படி ஒப்புக்கொள்வேன்!"