முதலில் காய், பிறகு சோறு

சர்க்கரை நோயால் தாடிக்கொம்பு ஜெபமாலையின் கால்விரல் ஒன்றை எடுத்தாயிற்று.

"மிச்ச விரலாவது தங்கணும்னா முதல்ல காயைச் சாப்பிடுங்கம்மா, அப்புறம் சோறு. அப்படிச் சாப்பிட்டா சர்க்கரை அவ்வளவு ஏறாதுன்னு இப்ப ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார் டாக்டர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாள்முதல் புருஷனும் மகன்களும் தின்று எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். அதற்குள் காய்ச்சட்டியை வழித்திருப்பார்கள்; சோறு மட்டும் மிஞ்சும்.

அன்று மதியம் அவரைக்காய்ப் பொரியலைத் தட்டு நிறைய அள்ளிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

"ஏன்டி, எங்களுக்கு வெஞ்சனம்?" என்றார் புருஷன் இன்னாசி.

"சோறு இருக்குல்ல. இம்புட்டு வருசம் நான் தின்னேன், இன்னைக்கு நீங்க தின்னு பாருங்க."

தட்டில் காய் தீரும்வரை அவள் நிமிரவில்லை.