ஜன்னலடிக்கு ஓடும் மகள்

அன்றைக்கு இரண்டாம் வகுப்பறையில் இருந்தது நாலே பேர்: நான், என் மகள், அவளுடைய யாழ்ப்பாணத்து டீச்சர், தனியாகப் போகப் பயந்து நான் துணைக்கு இழுத்துப்போன எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு அக்கா.

"பிள்ளை ஒரு இடத்தில இருக்குதில்லை. எழும்பி எழும்பி ஜன்னலடிக்கு ஓடுது. மற்றப் பிள்ளையளைத் தள்ளுது. ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டுவம்" என்றார் டீச்சர்.

மூளையில் ஏதோ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் யார் இவள் பக்கத்தில் உட்காருவார்கள்? நான்தான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இவளாவது படிக்க வேண்டுமே.

"ஏன்டி ஓடுற?" என்று மகளைக் கேட்டேன்.

மகள் வெளியே கை காட்டினாள். எதிர்மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள். "நீங்க உழுந்துட்டீங்களான்னு பாக்குறேம்மா. மத்த புள்ளைங்க மறைக்கிறாங்க. அதான் தள்ளுனேன்."

போன மழைக்காலத்தில் எங்கள் மலையில் குளவி கலைந்து, ஒருத்தியைக் கொட்டியே கொன்றுவிட்டது. அதிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்பும்போது, "அம்மா திரும்பி வந்தாத்தான் உண்டு, குறும்பு பண்ணாம இரு" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவேன். லயத்தில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறோம். பயந்தால் பிள்ளை அடங்கியிருக்கும் என்றுதான். அதை டீச்சரிடமும் சொன்னேன்.

அக்கா சிரித்துவிட்டாள். "ஆஸ்பத்திரிக்குப் புள்ளையவா கூட்டிட்டுப் போறது? ஒன்னையில்ல கூட்டிட்டுப் போகணும்!"

டீச்சர் சிரிக்கவில்லை. "பிள்ளைக்குச் சொல்லுற அந்தக் கதையை நிப்பாட்டுங்கோ. ஒரு மாதம் பாப்பம். சரிவராட்டி ஆஸ்பத்திரிதான்."

மறுநாள் ஒன்றும் பேசாமல் கிளம்பினேன். அது இன்னும் மோசமாகப் போனது. "ஏம்மா இன்னைக்கு ஒன்னுமே சொல்லல?" என்று அழுதுகொண்டே பாதி வழி வந்துவிட்டாள்.

அதனால் கடையில் கடனுக்குச் சிவப்புத் துணி வாங்கித் தலையில் கட்டிக்கொண்டேன். "செவப்பு தெரிஞ்சா அம்மா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ஒருக்கா பாத்துட்டு ஒக்காந்து எழுதணும், என்ன?"

மலையில் ஒரே கேலி. "குளவிக்கு அடையாளம் காட்டுறியாடி?" எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் மகள் இப்போது ஒருதரம் எழும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாளாம்.

அடுத்த வாரம் எங்களைப் பின்மலைக்கு அனுப்புகிறார்கள். பள்ளிக்கூடத்து ஜன்னலில் அந்த மலை தெரியாது. அதை அவளிடம் இனித்தான் சொல்லவேண்டும். போகாமலும் இருக்க முடியாது, போகாத நாளுக்குச் சம்பளமில்லை. அந்தத் துணிக்கே கடையில் இன்னும் முந்நூற்றைம்பது ரூபாய் பாக்கி.